பாதத்தைத் தூக்க முடியாமல் வந்தவர்: முழங்கால் ஓரத்துக் கேங்லியன் கட்டி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

முழங்கால் ஓரத்தில் சின்னதாக ஒரு வீக்கம், கேங்லியன் என்று சொல்லும் நீர்ப்பைக் கட்டி. உள்ளே நீர்தான் இருக்கிறது, ஊசி போட்டு உறிஞ்சிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவது வழக்கம். பல கட்டிகளுக்கு அது போதும். ஆனால் முழங்காலின் வெளிப்பக்கம், ஃபிபுலா எனும் மெல்லிய கால் எலும்பின் மேல்முனையான தலையை ஒட்டி வருகிற கட்டியை அப்படி அனுப்பிவிடக் கூடாது. அங்கே கட்டிக்கும் ஒரு முக்கியமான நரம்புக்கும் இடையே இடைவெளியே கிடையாது. சில சமயம் கட்டி அந்த நரம்புக்கு உள்ளேயே இருக்கும்.

ஒரே தன்மையுள்ள நோயாளிகளிடம் கண்டவற்றைச் சேர்த்து, ஒருவருடைய கதையாக இங்கே எழுதுகிறேன். வயது, வேலை, கால அளவு எல்லாம் யாரையும் அடையாளம் காட்டாதபடி அமைத்தவை. நோயின் போக்கும், பரிசோதனையில் தெரிந்தவையும், சிகிச்சையின் காரணங்களும் இந்த நோய்க்கே உரியவை.

எப்படி வந்தார்

42 வயது ஆண். பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். சர்க்கரை நோய் இல்லை, மது இல்லை, உடல் எடை சமீபத்தில் குறையவும் இல்லை. இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மூன்றுமே காலின் நரம்புகளைப் பாதிக்கக் கூடியவை. இரண்டு ஆண்டுக்கு முன்பு விளையாட்டின்போது வலது கால் முறுகிக்கொண்டது. அப்போது எலும்பு முறிவு இல்லை என்று சொல்லிவிட்டதால் அதை மறந்தே போயிருந்தார்.

இப்போதைய தொந்தரவு நான்கு மாதத்துக்கு முன் ஆரம்பித்தது. வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் வலி. முதலில் ஓடி முடித்த பிறகு மட்டும் வந்தது, அப்புறம் நடந்தாலே வந்தது. வலி ஓரிடத்தில் நிற்காமல் காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேல்புறம் வரை போனது. கால் வழியாக வலி இறங்குகிறது என்றால் யாருக்கும் முதலில் முதுகுத்தண்டுதான் நினைவுக்கு வரும். முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. வலி மாத்திரையும் முதுகுக்கான பயிற்சியும் கொடுத்தார்கள். பலன் இல்லை.

நாற்பதைத் தாண்டியவர்களின் முதுகை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால், எந்த வலியும் இல்லாதவர்களிடம்கூட இந்த அளவு டிஸ்க் பிதுக்கம் நிறையவே தெரியும். ஸ்கேனில் ஒன்று தெரிகிறது என்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. கால் வலி என்று வருபவரின் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே முதுகு ஸ்கேன் எழுதப்படுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன், மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நடுவில் ஒருநாள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் உருண்டையாக எதுவோ தட்டுப்படுவதை அவரே கவனித்திருக்கிறார். வேறொரு இடத்தில் காட்ட, ஊசியால் உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். மெல்லிய ஊசியில் வரவில்லை. பெரிய ஊசி போட்டதும் கெட்டியான, நிறமில்லாத, வழவழப்பான திரவம் வந்தது. வலி நன்றாகவே குறைந்தது. மூன்று வாரத்தில் வீக்கம் பழையபடி வந்துவிட்டது, வலியும் வந்தது. அதற்கு அடுத்த மாதம் பாதம் தொய்ய ஆரம்பித்தது.

"படி ஏறும்போது பெருவிரல் படியில இடிக்குது டாக்டர். நேத்து செருப்பு கழன்று போனதே தெரியலை, கொஞ்ச தூரம் போனப்புறம்தான் பார்த்தேன்" என்றார். பாதத்தைத் தூக்கும் தசை பலவீனமாகிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. எங்களிடம் வந்தபோது பாதம் தொய்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அவர் சொன்ன இன்னொன்றைத் தனியாகக் குறித்துக்கொண்டோம். இரண்டு நாள் விடுப்பில் வீட்டில் இருந்தால் பாதம் சற்று நன்றாகத் தூக்க வருகிறது; மைதானத்தில் ஒருநாள் முழுக்க நின்று நடந்தால் மறுபடி மோசமாகிறது என்றார். சர்க்கரை நோயாலோ வெளியிலிருந்து அழுத்தியதாலோ வரும் நரம்புப் பாதிப்பு பொதுவாக இப்படி நாளுக்கு நாள் ஏறி இறங்காது. மூட்டிலிருந்து திரவம் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது நல்ல துப்பு.

கையால் பார்த்ததில்

நடையிலேயே தெரிந்தது. வலது காலை எடுத்து வைக்கும்போது முழங்காலை வழக்கத்தைவிட உயரமாகத் தூக்கினார். பாதம் தொப்பென்று தரையில் பட்டது. குதிகாலால் நடக்கச் சொன்னால் வலது பக்கம் முடியவில்லை. நுனிக்காலால் நடப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

ஃபிபுலாவின் தலைக்குச் சற்று முன்னும் கீழுமாக சுமார் 3 சென்டிமீட்டர் நீள வீக்கம். தோல் சாதாரணமாக இருந்தது, சூடு இல்லை, தோலோடு ஒட்டவில்லை. ஆனால் அடியில் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இருட்டாக்கிவிட்டு டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவியது. ஆழமான கட்டியில் இந்தச் சோதனை எடுபடாது என்பதால், ஒளி ஊடுருவவில்லை என்றால் நீர் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. இவருக்கு ஊடுருவியது, அவ்வளவுதான். ஃபிபுலாவின் கழுத்தில், அதாவது தலைக்குக் கீழே எலும்பு குறுகும் இடத்தில், விரலால் மெல்லத் தட்டியபோது பாதத்தின் மேல்புறம் வரை சுருக்கென்று மின்சாரம் பாய்வதுபோல் இருந்தது என்றார்.

முழங்கால் மூட்டைத் தனியாகப் பார்த்தோம். நீர் கோத்திருக்கவில்லை. முழுதாக மடக்கி நீட்ட முடிந்தது. ஜவ்வு கிழிந்ததற்கான அறிகுறி இல்லை. ஆனால் ஃபிபுலாவின் தலையை இரு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபோது வலித்தது. அங்கே ஒரு சின்ன மூட்டு இருக்கிறது என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஃபிபுலாவின் தலை, காலின் பெரிய எலும்பான டிபியாவோடு சேரும் மேல் டிபியோஃபிபுலர் மூட்டு அது. கணுக்கால் அசையும்போதெல்லாம் இந்த மூட்டும் சற்று அசைகிறது. சிலரிடம் இது முழங்கால் மூட்டின் குழியோடு நேரடியாகத் தொடர்பு கொண்டிருக்கும்.

தசை வலிமையை 0 (அசைவே இல்லை) முதல் 5 (முழு வலிமை) வரையான அளவுகோலில் பார்த்தோம். பாதத்தை மேலே தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர் 2. பெருவிரலை நிமிர்த்தும் தசை 1. மற்ற விரல்களை நிமிர்த்துவது 2. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் பெரோனியஸ் தசைகள் 4. பாதத்தை உள்பக்கம் திருப்புவது 5. கெண்டைக்கால் தசை 5. தொடையைப் பக்கவாட்டில் விரிக்கும் இடுப்புத் தசைகள் 5. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உள்ள தோலில் உணர்ச்சி நன்றாகவே குறைந்திருந்தது; பாதத்தின் மேல்புறத்தில் லேசாக. கணுக்கால் அனிச்சைச் செயல் இயல்பாக இருந்தது. மல்லாக்கப் படுக்க வைத்து காலை நீட்டியபடியே தூக்கியபோது முதுகிலிருந்து இழுக்கும் வலி வரவில்லை.

முதுகா, முழங்காலா

பாதம் தொய்ந்து வரும் ஒருவரிடம் முக்கியமான கேள்வி இது. பாதத்தைத் தூக்கும் தசைக்குப் போகும் நரம்பிழைகளில் பெரும்பகுதி முதுகில் எல்4, எல்5 எனும் நாலாவது, ஐந்தாவது இடுப்பு நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி, தொடையின் பின்புறம் சயாட்டிக் நரம்பாக இறங்கி, முழங்காலுக்கு மேலே பிரிந்து, பெரோனியல் நரம்பாக ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி முன்பக்கம் வருகிறது. இந்தப் பாதையில் எங்கே அடிபட்டாலும் பாதம் தொய்யும். இடத்தைப் பிரித்தறிய, அதே எல்5 வேரிலிருந்து வந்தும் பெரோனியல் நரம்பில் சேராத தசைகளைச் சோதிக்க வேண்டும். பாதத்தை உள்பக்கம் திருப்பும் டிபியாலிஸ் போஸ்டீரியர் அப்படி ஒன்று. இடுப்பின் குளுட்டியஸ் மீடியஸ் இன்னொன்று. எல்5 வேர் நசுங்கியிருந்தால் இவையும் தளர்ந்திருக்கும். இவருக்கு இரண்டும் முழு வலிமையோடு இருந்தன. ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையிலேயே முதுகு பெரும்பாலும் விலகிவிட்டது.

அடுத்து, பெரோனியல் நரம்பின் இரு கிளைகள். ஆழக்கிளை பாதத்தையும் விரல்களையும் தூக்கும் தசைகளுக்கும், பெருவிரல் இடுக்குத் தோலுக்கும் போகிறது. மேல்கிளை பெரோனியஸ் தசைகளுக்கும், பாதத்தின் மேல்புறத் தோலின் பெரும்பகுதிக்கும். வெளியிலிருந்து அழுத்தினாலும் ஆழக்கிளை அதிகம் அடிபடலாம் என்பது உண்மைதான். ஆனால் இரு கிளைகளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடும், கையில் தட்டுப்படும் வீக்கமும், வலியோடு ஏறி இறங்கும் பலவீனமும் ஒன்றாகச் சேர்ந்தால், நரம்புக்குள் புகுந்த கேங்லியனைப் பட்டியலில் மேலே வைத்தாக வேண்டும். ஏன் ஆழக்கிளை முதலில் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நரம்பு மின்சோதனையில் ஃபிபுலாவின் கழுத்தைத் தாண்டும் இடத்தில் மின்தூண்டல் கடப்பது தடைபட்டிருந்தது. ஊசி வைத்துப் பார்த்த தசைச் சோதனையில் டிபியாலிஸ் ஆன்டீரியரிலும் பெருவிரல் தசையிலும் நரம்பிழப்பின் அடையாளங்கள் இருந்தன. தொடையின் பின்புறமுள்ள பைசெப்ஸ் தசையின் குறுந்தலை இயல்பாக இருந்தது. இந்தக் குறுந்தலைக்குப் போகும் கிளை சயாட்டிக் நரம்பின் பெரோனியல் பகுதியிலிருந்து முழங்காலுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. அது நன்றாக இருக்கிறது என்றால் பழுது அதற்குக் கீழே. பாதம் தொய்ந்தவருக்கு இந்த ஒரு தசையைச் சோதிக்காமல் மின்சோதனை அறிக்கையை முடிப்பது பாதி வேலை.

ஸ்கேன்

எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ச்சியோ பழைய முறிவோ இல்லை. ஃபிபுலாவின் தலையில் எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்து வளரும் கட்டி இதே நரம்பை அழுத்தக் கூடும் என்பதால் எக்ஸ்ரேயைத் தவிர்க்கக் கூடாது. அல்ட்ராசவுண்டில் உள்ளே எதிரொலி இல்லாத, குழாய் வடிவமான, அங்கங்கே பிதுங்கிய நீர்ப்பை தெரிந்தது. டாப்ளரில் ரத்த ஓட்டம் இல்லை.

எம்.ஆர்.ஐ.க்கு எழுதும்போது "முழங்கால்" என்று மட்டும் எழுதினால் போதாது. வழக்கமான முழங்கால் ஸ்கேன் மூட்டின் நடுவை மையமாக வைத்து எடுக்கப்படுவது. ஃபிபுலாவின் கழுத்தை முழுதாகக் காட்டாமல் நின்றுவிடலாம். அதற்கும் கீழே வரை எடுக்கவும், பெரோனியல் நரம்பைப் பின்தொடரவும் எழுதினோம். கதிரியக்க மருத்துவரிடம் நேரில் பேசவும் செய்தோம். எழுதுவதைவிட அது அதிகம் பயன்பட்டது.

திரவத்தை வெள்ளையாகக் காட்டும் டி2 வகை எம்.ஆர்.ஐ. படங்களில் பளிச்சென்ற வெள்ளையாக, சுமார் 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு நரம்பின் உறைக்குள்ளேயே திரவம் நின்றது. நரம்பிழைக் கற்றைகள் ஓரமாக ஒதுக்கப்பட்டு, நடுவில் நீர்ப்பை. குறுக்குவெட்டில் இது ஒரு முத்திரை மோதிரம்போல் தெரிவதால் அந்தப் பெயரிலேயே இந்த அடையாளத்தைக் குறிப்பிடுகிறார்கள். கீழே, ஃபிபுலாவின் கழுத்தைக் குறுக்காகக் கடந்து, மெல்லிய வால் ஒன்று மேல் டிபியோஃபிபுலர் மூட்டின் முன்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த வால்தான் நாங்கள் தேடியது. நரம்புக்கு வெளியேயும் அதே மூட்டிலிருந்து ஒரு சிறிய கேங்லியன் கிளம்பியிருந்தது. கையில் தட்டுப்பட்ட வீக்கம் அதுதான். காலின் முன்பக்கத் தசைகளும் டி2 படத்தில் வெளுத்துத் தெரிந்தன. நரம்பிழந்த தசை அப்படித்தான் தெரியும்.

கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியபோது கட்டியின் சுவர் மட்டும் மெல்லிதாக ஒளிர்ந்தது, உள்ளே எதுவும் ஒளிரவில்லை. இது முக்கியம். முழங்காலைச் சுற்றி வரும் சைனோவியல் சார்கோமா, மிக்ஸாய்டு வகைப் புற்றுக் கட்டிகள் சில, டி2 படத்தில் நீர்க்கட்டிபோலவே ஏமாற்றும். உள்ளே திடமான பகுதி ஒளிர்ந்தால் அதை நீர்க்கட்டி என்று எடுத்துக்கொள்ளவே கூடாது; முறையாகத் திட்டமிட்ட பயாப்சி எடுக்காமல் கத்தி வைக்கக் கூடாது. கேங்லியன் என்று நினைத்து அவசரமாக வெட்டி எடுத்து, பிறகு பரிசோதனைக்கூட அறிக்கையில் சார்கோமா என்று வந்தால், அதன்பின் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை பல மடங்கு பெரிதாகிவிடும்.

நரம்புக்குள் எப்படிப் போகிறது

கேங்லியன் என்பது அடர்ந்த நார்த்திசுவாலான சுவரும், ஹையலூரோனிக் அமிலம் நிறைந்த கெட்டித் திரவமும் கொண்ட பை. மூட்டின் உள்ளுறையில் இருக்கும் சைனோவியல் செல்வரிசை இதன் சுவரில் இருக்காது. நரம்புக்குள் கேங்லியன் வருவது 1810-இலேயே கையின் அல்னார் நரம்பில் பதிவாகியிருக்கிறது. பெரோனியல் நரம்பில் 1921-இல். இவ்வகைக் கட்டி மிக அதிகமாக வருவது பெரோனியல் நரம்பில்தான். ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

நரம்புக்குள்ளேயே திசு சிதைந்து இந்தத் திரவம் உண்டாகிறது என்றுதான் பல காலமாக நம்பினார்கள். அதனால் நரம்பைத் திறந்து, இழைகளுக்கு நடுவிலிருந்து கட்டியின் சுவரை உரித்து எடுக்கப் பார்த்தார்கள். நரம்பு காயப்பட்டது. கட்டியும் திரும்பி வந்தது. 2003-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் ஸ்பின்னரும் உடன் பணிபுரிந்தவர்களும் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார்கள். பெரோனியல் நரம்பிலிருந்து மேல் டிபியோஃபிபுலர் மூட்டுக்கு ஒரு சின்ன மூட்டுக்கிளை போகிறது. மூட்டின் உறையில் சிதைவோ கிழிசலோ இருந்தால் அந்த மூட்டுத் திரவம் இந்தக் கிளையின் உறைக்குள் புகுகிறது. மூட்டில் அழுத்தம் ஏறும்போதெல்லாம், எதிர்ப்பு குறைவாக உள்ள வழியில் மேல்நோக்கி ஊர்ந்து, தாய் நரம்பை அடைந்து, அதற்குள்ளேயே ஏறுகிறது. சில நோயாளிகளிடம் சயாட்டிக் நரம்பு வரைகூடப் போயிருக்கிறது.

இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு நோயாளியைத் திரும்பப் பார்த்தால் எல்லாமே இடத்தில் உட்காருகிறது. மூட்டுக்கிளை ஆழக்கிளையோடு சேர்ந்த பகுதியிலிருந்து பிரிவதால் திரவம் முதலில் அந்தப் பக்கத்து இழைகளையே நெருக்குகிறது. அதனால்தான் பாதத்தைத் தூக்கும் தசை முதலில் விழுகிறது, பெரோனியஸ் தசைகள் ஓரளவு தப்புகின்றன. நடந்தால் கணுக்காலோடு அந்தச் சின்ன மூட்டும் அசைந்து திரவத்தைத் தள்ளுகிறது, ஓய்வில் அழுத்தம் குறைகிறது. பழைய முறுக்குக் காயம் மூட்டின் உறையைப் பலவீனப்படுத்தியிருக்கலாம். ஊசியால் உறிஞ்சியதும் கிடைத்த மூன்று வார நிம்மதிக்கும் இதே காரணம்தான். குழாயை மூடாமல் தரையைத் துடைத்தால் எவ்வளவு நேரம் காய்ந்திருக்கும்?

அறுவை சிகிச்சை

காத்திருந்து பார்க்கலாமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. வலி மட்டும் இருந்து, தசை வலிமை குறையாமல் இருந்தால், சில காலம் கவனித்துப் பார்ப்பதில் தவறில்லை. தசை விழுந்துகொண்டிருக்கும்போது காத்திருப்பதை ஏற்க முடியாது. நரம்பு துண்டிக்கப்பட்ட தசை மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் சுருங்கி, கொழுப்பாக மாறி, பிறகு நரம்பு திரும்ப வளர்ந்து வந்தாலும் பயன்படாமல் போகிறது. இதை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். அறுவை சிகிச்சை செய்தாலும் வலி சீக்கிரம் போய்விடும், வலிமை மெதுவாகத்தான் வரும், முழுதாக வரும் என்று உறுதி கொடுக்க முடியாது என்பதையும் சொன்னோம். கணுக்காலுக்கு ஒரு தாங்கு உறை அன்றே அளவெடுத்துக் கொடுத்தோம். தொய்ந்த பாதம் தடுக்கி விழுந்து வேறு எலும்பு முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். தவிர, பாதம் தொங்கிய நிலையிலேயே இருந்தால் குதிகால் தசைநாண் இறுகிப்போகும்.

நரம்பு அறுவை மருத்துவரும் எலும்பு மருத்துவரும் சேர்ந்து செய்தோம். தொடையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை கட்டி, ஃபிபுலாவின் தலைக்குப் பின்னால் தொடங்கி முன்பக்கம் வளையும் கீறல். பைசெப்ஸ் தசைநாணின் உள்ளோரத்தில் பெரோனியல் நரம்பை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கட்டி இல்லாத நல்ல பகுதியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வருவதே பாதுகாப்பு. நரம்பு இயல்பைவிட இரண்டு மடங்கு பருத்து, உறைக்குள் திரவம் நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது. பெரோனியஸ் லாங்கஸ் தசையின் நார் விளிம்பு நரம்பின்மேல் இறுக்கமாகப் படிந்திருக்கும். அதை விடுவித்தோம்.

பிறகு மைக்ராஸ்கோப்பின் கீழ் மூட்டுக்கிளையைத் தேடினோம். பொதுவாக நூலளவு இருக்கும் கிளை, இவருக்குத் திரவம் நிரம்பிப் பருத்திருந்ததால் தேடச் சிரமமில்லை. பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குப் போகும் கிளைகளைத் தனியே பிரித்து, மின்தூண்டி வைத்து எது எது என்று உறுதி செய்துகொண்ட பிறகே மூட்டுக்கிளையை மூட்டுக்கு அருகில் கட்டித் துண்டித்தோம். நரம்பின் உறையில், இழைகள் இல்லாத ஓரிடத்தில், நீளவாக்கில் சிறிதாகத் திறந்ததும் கெட்டித் திரவம் வெளியே வழிந்தது. மேலும் கீழும் மெல்ல வழித்துவிட்டோம். கட்டியின் சுவரை உரிக்கவில்லை. மூட்டோடு தொடர்பு அறுந்துவிட்டால் அந்தச் சுவர் அங்கே இருந்தாலும் கெடுதி இல்லை. உரிக்கப் போனால் இழைகள் போய்விடும்.

கடைசியாக மூட்டு. நரம்புக்கு வெளியே இருந்த கேங்லியனை அதன் காம்போடு எடுத்துவிட்டு, மூட்டைத் திறந்து உள்ளுறையை நீக்கி, இரு எலும்புகளின் மூட்டுப் பரப்பையும் எடுத்தோம். ஃபிபுலாவின் தலையில்தான் முழங்காலின் வெளிப்பக்க இணைநாரும் பைசெப்ஸ் தசைநாணும் ஒட்டுகின்றன. அவை இரண்டையும் தொடாமல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் வெளிப்பக்கமாக ஆட ஆரம்பித்துவிடும். திசுப் பரிசோதனையில் நார்த்திசுச் சுவர், மியூசின் நிறைந்த உள்ளடக்கம், புற்றுச் செல்கள் இல்லை என்று வந்தது.

பிறகு

இறங்கும் வலி முதல் வாரத்திலேயே போய்விட்டது. காயம் ஆறியதும் கணுக்கால் அசைவுப் பயிற்சியும், தசைக்கு மின்தூண்டலும். நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். ஃபிபுலாவின் கழுத்திலிருந்து டிபியாலிஸ் ஆன்டீரியர் தசைக்குள் நரம்பு நுழையும் இடம் அதிக தூரம் இல்லை என்பதால் மூன்று மாத அளவில் ஏதாவது தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தோம். பாதம் தூக்கும் வலிமை மூன்றாம் மாதம் 3, ஆறாம் மாதம் 4. அப்போது தாங்கு உறையை விட்டார். ஓராண்டு முடிவில் பாதம் தூக்குவது ஏறக்குறைய முழு வலிமை. பெருவிரல் 4-இல் நின்றுவிட்டது. இன்னும் தூரத்தில் இருக்கும் தசை கடைசியாகத் தேறும், சில சமயம் முழுதாகத் தேறாது. பெருவிரல் இடுக்கில் உணர்ச்சி சற்றுக் குறைவாகவே இருக்கிறது. மைதானத்துக்குத் திரும்பிவிட்டார், ஓடுகிறார். ஓராண்டு எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை.

தசை தேறாமல் போயிருந்தால், பாதத்தை உள்பக்கம் திருப்பும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைநாணை முன்பக்கத்துக்கு மாற்றிப் பொருத்திப் பாதத்தைத் தூக்க வைக்கலாம். அதையும் முன்பே அவரிடம் சொல்லியிருந்தோம். பாதம் இனி எழும்பவே எழும்பாது என்ற பயத்தோடு யாரும் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

முழங்காலின் மற்ற கேங்லியன்கள்

எல்லா முழங்கால் நீர்க்கட்டியும் இப்படி இல்லை. மிகப் பழக்கமானது முழங்காலுக்குப் பின்னால் வரும் பேக்கர் கட்டி. வில்லியம் மோரன்ட் பேக்கர் 1877-இல் விவரித்தது. அது கேங்லியன் வகையைச் சேர்ந்தது இல்லை. கெண்டைக்கால் தசையின் உள்தலைக்கும் செமிமெம்பிரனோசஸ் தசைநாணுக்கும் நடுவே இருக்கும் பையில் மூட்டுத் திரவம் நிறைவது. பெரியவர்களிடம் முழங்காலுக்குள் தேய்மானமோ ஜவ்வுக் கிழிசலோ இருப்பதன் விளைவாகத்தான் பெரும்பாலும் வருகிறது. உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் அதுவும் திரும்பும்.

முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வை ஒட்டி வரும் கட்டிகளும் இதே கதைதான். ஜவ்வு கிடைமட்டமாகக் கிழியும்போது அந்த இடுக்கு வழியே திரவம் வெளியே தள்ளப்பட்டு மூட்டுக் கோட்டின் ஓரத்தில் வீங்குகிறது. வெளிப்பக்க ஜவ்வின் கட்டி முழங்காலை முழுதாக மடக்கினால் மறைவதும், பாதி மடக்கினால் புடைப்பதும் கையாலேயே பார்க்கக் கூடிய அடையாளம். ஃபிபுலாவின் தலைக்கு அருகே வரும் கட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கட்டி மூட்டுக் கோட்டிலேயே இருக்கிறதா, அதற்குக் கீழே இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முழங்காலுக்கு உள்ளேயே, சிலுவை இணைநார்களை ஒட்டி வருபவை அபூர்வம். வேறு காரணத்துக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.களில் 0.2 முதல் 1.3 சதவீதம் வரை தெரிவதாகப் பதிவுகள் உண்டு. வெளியே எதுவும் தட்டுப்படாது. குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை, கால் முழுதாக நீளவில்லை, உள்ளே எதுவோ இடிக்கிறது என்பார்கள். தொந்தரவு தராதவற்றை விட்டுவிடலாம். தருபவற்றை, சிறு துளை வழியே மூட்டுக்குள் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப் மூலம் எடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே சரியாகின்றன, இணைநாருக்கும் பொதுவாகச் சேதம் வராது. எலும்புக்குள் வருபவை, எலும்புறையின் அடியில் வருபவை, முன்பக்கக் கொழுப்புத் திசுவில் வருபவையும் உண்டு.

எந்த இடத்திலும் கட்டியை அழுத்தி உடைப்பதோ, இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். ஃபிபுலாவின் கழுத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே நரம்புக்கு மெத்தையாக எதுவுமே இல்லை. அங்கே இறுக்கிக் கட்டிய பேண்டேஜே பாதத்தைத் தொய்ய வைக்கும். ஊசியால் உறிஞ்சுவதற்கும் இடம் உண்டு. வலி அதிகமாகி, அறுவை சிகிச்சைக்கு உடல்நிலை இடம் தராதவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் உதவியோடு திரவத்தை எடுப்பது நிம்மதி தரும். ஆனால் நரம்பு எங்கே என்று திரையில் பார்க்காமல் இந்த இடத்தில் ஊசியைக் குத்தக் கூடாது.

மூட்டுப் பரப்பை எடுப்பது எல்லோருக்கும் தேவையா என்பதில் அறுவை மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மூட்டுக்கிளையைத் துண்டித்தாலே நரம்புக்குள் கட்டி திரும்புவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது என்பார்கள் சிலர். அது சரிதான். ஆனால் திரவம் ஊறும் மூட்டு அப்படியே இருந்தால் நரம்புக்கு வெளியே புதிதாக ஒரு கேங்லியன் கிளம்பி அதே நரம்பை வெளியிலிருந்து அழுத்தலாம். இவருக்கு இரண்டு வகையும் முன்பே இருந்ததால் மூட்டையும் எடுத்துவிடுவதே சரி என்று முடிவு செய்தோம். வெளிக்கட்டி இல்லாத, மூட்டில் தேய்மானம் தெரியாத இளம் வயது நோயாளி என்றால் கிளையை மட்டும் துண்டித்து, அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து பார்த்து வருவது எனக்கு ஏற்புடையதே. இவரிடம் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: அதே இடத்தில் வீக்கமோ, பாதத்தின் மேல்புறம் இறங்கும் வலியோ மறுபடி வந்தால், பாதம் தொய்யும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே வந்து அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும்.